மூன்று பெயர் குறைந்ததாம், டீச்சரை எடுத்துவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

மூன்றாவது ஆசிரியரைத் திரும்பக் கேட்ட எங்கள் மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரி. “மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர்கள் பணியில் உள்ளனர். மனு முடித்துவைக்கப்படுகிறது.” பெற்றோர் நாற்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனு அது. அதைக் கொடுக்க எட்டுப் பெண்கள் ஜீப் பிடித்து வந்தோம். அன்று கொழுந்து எடுக்கப் போகாததால் எட்டுப் பேருக்கும் ஒருநாள் சம்பளம் போனது. நீங்கள் முடித்துவைத்துவிட்டீர்கள். எங்களுக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் பந்தலூர் மலைப்பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. என் சின்ன மகள் அங்கே நான்காவது படிக்கிறாள். நானும் அதே பள்ளியில்தான் ஐந்தாவது வரை படித்தேன். பள்ளியின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் முதல் போன் எங்கள் தலைமையாசிரியைக்குத்தான் வரும். உங்கள் மேசையில் இருக்கும் கோப்பில் பெயர் இருக்கிறது, அது போதும்.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எங்கள் பள்ளியில் 58 பிள்ளைகள். 60 பேர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்பது கணக்கு. மூன்று பெயர் குறைந்ததால் மூன்றாவது டீச்சர் ‘உபரி’ ஆனார். பணி நிரவலில் அவரை வேறு பள்ளிக்கு அனுப்பினீர்கள். செப்டம்பர் முதல் வாரம் அவர் போனார். அதே செப்டம்பர் முடிவதற்குள் பள்ளியில் 67 பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இன்றும் 67தான். வருகைப் பதிவேடும் இருக்கிறது, எமிஸ் (கல்வித் துறையின் கணினிப் பதிவு) பதிவும் இருக்கிறது. இந்த 67 பேருக்கு மூன்றாவது ஆசிரியர் எங்கே என்று கேட்டதற்குத்தான் அந்த இரண்டு வரி.

ஒன்பது பிள்ளைகள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று கேட்பீர்கள். முளைக்கவில்லை ஐயா, திரும்பி வந்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும், மழை பிடித்ததும் நெல் நட வேண்டும். இங்கேயும் அப்போது அடைமழை, கொழுந்து மந்தம். அதனால் மே, ஜூனில் குடும்பத்தோடு ரயிலேறிப் போகிறவர்கள் நடவு முடித்து ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோதான் வருவார்கள். பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவார்கள்? கூடவே கூட்டிப் போகிறார்கள். ஒரு மாதம் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை எமிஸில் ‘காமன் பூலுக்கு’, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்கள் பட்டியலுக்கு, தள்ளிவிடச் சொல்லி ஜூலையில் நெருக்கினார்கள். அப்படித் தள்ளிய பெயர் ஐந்து. பிறகு ஐந்து பேரும் வந்தார்கள். அவர்களோடு அவர்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர். அந்த ஐந்து பெயரைத் தள்ளாமல் இருந்திருந்தால் ஆகஸ்ட் 1 அன்றே 63 இருந்திருக்கும்.

இந்த மலையில் ஆகஸ்ட் 1 எப்படிப்பட்ட நாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்கு மழை உச்சத்தில் இருக்கும். 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது வரும், பாதையில் எந்த மரம் விழுந்து கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சமவெளிப் பள்ளிக்குப் பொருந்துகிற ஒரு தேதியை அப்படியே மலைக்கும் வைத்திருக்கிறீர்கள்.

சட்டம் தெரியாமல் பேசவில்லை. மேலாண்மைக் குழுப் பயிற்சியில் கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் நான் முழுதாகவே வாசித்தேன். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட குழந்தைகள்’ எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர் என்றுதான் இருக்கிறது. ஆகஸ்ட் 1 என்ற தேதி அதில் இல்லை. அது நிர்வாக வசதிக்கு வைத்துக்கொண்டது. பிரிவு 15-ஐப் பாருங்கள். கல்வியாண்டு தொடங்கி எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. எந்த நாளில் வந்தாலும் சேர்க்க வேண்டும், ஆனால் ஒரே ஒரு நாளில்தான் எண்ணுவோம் என்றால், பின்னால் வந்த பிள்ளைக்குப் பாடம் நடத்த ஆள் எங்கிருந்து வரும்?

எண்ணிக்கை ஒரு பக்கம். இந்த 67 பேர் யார் என்று பதில் எழுதியவர் பார்த்தாரா என்பது என் அடுத்த கேள்வி.

நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் பெரும்பாலும் தாயகம் திரும்பியோர் பிள்ளைகள்தான். 1964-ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நாங்கள். என் பாட்டி மண்டபம் முகாம் வழியாக ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்தார். ஊர் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்றது. இன்று அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். இருப்பவர்களிலும் வசதி உள்ளவர்கள் ஜீப் வைத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கணக்கெடுப்பிலும் இது தெரியும். 2001-ல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 7,35,394. பத்து வருடத்தில் இந்த மாவட்டம் சுருங்கியது. பள்ளியும் சுருங்கியது, உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சுருங்கிய பள்ளியில் மிச்சம் இருப்பது யார்? 67 பேரில் 21 பேர் பணியர் பிள்ளைகள், 9 பேர் காட்டுநாயக்கர் பிள்ளைகள். நீலகிரியில் அரசே ‘மிகவும் நலிவுற்ற’ பழங்குடிகள் என்று பட்டியலில் வைத்திருக்கும் ஆறு இனங்களில் இரண்டு. அப்புறம் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகள் 19 பேர், எங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் 11 பேர், வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் 7 பேர். ஆக வீட்டில் தமிழ் பேசிவிட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் பதினொரு பேர். பணியர் பேச்சு மலையாளத்துக்குக் கிட்ட, காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குக் கிட்ட. ஜார்க்கண்ட் பிள்ளைகளில் சிலர் சாத்ரி பேசுவார்கள், சிலர் குடுக் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் இந்தியில் பேசிக்கொள்வார்கள். இவ்வளவும் ஓடு மாற்றிய ஒரே கட்டடத்துக்குள், இரண்டு அறையில்.

போன வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் சேர்ந்தாள். ஜார்க்கண்ட் பிள்ளை. முதல் வாரம் முழுக்க “ஆயோ, ஆயோ” என்று அழுதாள். அடிபட்டு ‘ஐயோ’ என்கிறாள் என்று நினைத்து, சமையல் அக்கா அவள் கைகாலை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது டீச்சர்தான் அவள் அப்பாவைச் சாயங்காலம் பாடியில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில்) போய்ப் பார்த்துக் கேட்டார். ஆயோ என்றால் அவர்கள் மொழியில் அம்மா. மறுநாளிலிருந்து அந்த அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்துப் பையோடு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இரண்டு வாரத்தில் அழுகை நின்றது.

அந்த டீச்சர் ஒரு நீளக் கோட்டு நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் தமிழ்ச் சொல், எதிரே பணியர் பிள்ளைகள் அதற்குச் சொல்வது, காட்டுநாயக்கர் பிள்ளைகள் சொல்வது, வடக்குப் பிள்ளைகள் சொல்வது. தண்ணீர், பசி, வயிற்றுவலி, ஒன்றுக்குப் போகணும், அவன் அடிச்சான் – இப்படி ஒரு பிள்ளை பள்ளியில் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கும் சொற்கள். ஏழு வருடமாகச் சேர்த்தது. அதில் குடுக் பேசும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பல்லுக்கு அவர்களும் ‘பல்’ என்றுதான் சொல்கிறார்கள். மூன்றுக்கு ‘மூந்து’ என்பது போல வருகிறது. குடுக் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே எனக்கு அந்த நோட்டால்தான் தெரிந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளை நம் சொந்தக்காரப் பேச்சோடு வந்து நம் வகுப்பில் விழிக்கிறது என்று டீச்சர் எங்கள் கூட்டத்தில் சொன்னார். அன்றைக்குத்தான் எங்கள் பெற்றோர் சிலர் ‘இந்திக்காரப் பிள்ளைங்க’ என்று முகம் சுளிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சிலோன்காரங்க என்ற பெயரோடு வளர்ந்த நாங்கள் அதைச் செய்ததே தவறு. சரி, அது எங்களுக்குள் பேச வேண்டியது.

நோட்டு பள்ளி பீரோவில் இருக்கிறது. அதைப் படித்துப் பயன்படுத்துகிறவர்தான் இல்லை.

எங்களிடம் இரண்டு ஆசிரியர் இருப்பதாகக் காகிதம் சொல்கிறது. தலைமையாசிரியை ஒருவர். இன்னொருவரைச் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மாற்றுப்பணியில் வேறொரு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அங்கே ஆளே இல்லையாம். அந்த மூன்று நாளும் ஐந்து வகுப்பு, 67 பிள்ளைகளுக்கு ஒரே ஒருவர். அவருக்கு அலுவலகத்தில் கூட்டம் வந்தால் அன்றைக்கு அவரும் இல்லை, சத்துணவு அமைப்பாளர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இதைச் செய்யலாமா கூடாதா என்பதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. பிரிவு 25, உட்பிரிவு 2: ஆசிரியர் – மாணவர் விகிதம் குலையாமல் இருக்க, ஒரு பள்ளியில் நியமித்த ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கச் சொல்லக் கூடாது. விலக்கு இருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலைகளுக்கு மட்டும்தான். மாற்றுப்பணி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு பள்ளியின் ஓட்டையை அடைக்க இன்னொரு பள்ளியின் கூரையைப் பிரிக்கிறீர்கள். அந்தப் பள்ளிப் பெற்றோரிடம் எங்களுக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கும் முழுநேர ஆசிரியர் வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தர வேண்டும். தலைமையாசிரியை ஒரு குழுவுக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு போன். ஏதோ பதிவேற்றம் நிலுவையாம். எங்கள் பள்ளிக்குள் சிக்னல் கிடைக்காது, தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். அவர் ஏறிப்போய் இறங்கி வருவதற்குள் அரைமணி நேரம். அதற்குள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு டீச்சர் ஆகியிருந்தார்கள். என் மகள் கையில் ஸ்கேல். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

காலை உணவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த அந்தத் திட்டம் எங்கள் பணியர் காலனிப் பிள்ளைகளைக் காலை எட்டரைக்கே பள்ளிக்கு வரவைத்தது. முன்பெல்லாம் பத்து மணிக்கு ஆள் போய்க் கூப்பிட வேண்டும். இப்போது கிச்சடி வாசனைக்கு அவர்களே வருகிறார்கள். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்த பிள்ளைக்கு எதிரே ஆள் இல்லையென்றால் என்ன செய்வான்? பதினொரு மணிக்கு ஓடைப்பக்கம் போய்விடுகிறான். மூன்றாம் வகுப்புப் பணியர் பையன்கள் இரண்டு பேர் இந்த மூன்று மாதத்தில் அப்படித்தான் ஆனார்கள். காலையில் வருகைப் பதிவில் இருப்பார்கள், மதியம் இருக்க மாட்டார்கள். உங்கள் கணினியில் இடைநிற்றல் பூஜ்யம் என்றே காட்டும்.

போன கூட்டத்தில் உங்கள் அலுவலர் ஒருவர் வாய்வார்த்தையாக இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, பழங்குடிப் பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்பது. ஆறு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் விடச் சொல்வது யோசனை இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்வீர்களா என்று காலனி மூப்பன் கேட்டார், பதில் இல்லை. இரண்டாவது, எங்கள் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்பது. பக்கத்துப் பள்ளி இரண்டரைக் கிலோமீட்டர். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்பது தமிழ்நாட்டு விதி. அது போகட்டும், அந்த இரண்டரைக் கிலோமீட்டர் எதற்குள் போகிறது என்று பார்த்தீர்களா? தேயிலைக்குள்ளும் காட்டோரமாகவும். யானை நிற்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நாங்களே வேலைக்கு இறங்குகிறோம். 2024 ஜனவரியில் இதே பந்தலூர் பக்கம் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. அதுவும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம்தான். இணைப்பு என்ற பேச்சை எடுக்கும்முன் காலை எட்டு மணிக்கு அந்தப் பாதையில் தனியாக ஒருமுறை நடந்து பாருங்கள்.

நாங்கள் கேட்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். மறுபடியும் ‘பொதுவான மனு’ என்று முடித்துவைக்க வழியிருக்கக் கூடாது.

முதலாவது, இன்றைய 67 என்ற எண்ணிக்கையை வைத்து எங்கள் மூன்றாவது ஆசிரியர் பணியிடத்தைத் திரும்பத் தர வேண்டும். முடிந்தால் அதே டீச்சர், அவரும் வரத் தயாராக இருக்கிறார். இல்லையென்றால் இந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்த ஒருவர். பணியிட ஆணை வரத் தாமதமாகும் என்றால், அதுவரை மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை வைத்துக்கொள்ள அனுமதியும் சம்பளமும் கொடுங்கள். 2022-ல் மாதம் 7,500 ரூபாய்க்கு இடைநிலை ஆசிரியரை அப்படி வைக்க அரசே வழிசெய்தது. எனவே வழி இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்று நாள் மாற்றுப்பணியை வரும் திங்கள்கிழமையோடு நிறுத்துங்கள். இதற்கு நிதி வேண்டாம், கலந்தாய்வு வேண்டாம், உங்கள் ஒரு கையெழுத்து போதும். அந்தப் பள்ளிக்கு முழுநேர ஆளைப் போடுங்கள்.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் படிக்கும் மலைப்பள்ளிகளுக்கு ஆகஸ்ட் 1-ஐ மட்டும் வைத்து உபரி கணக்கிடக் கூடாது, அக்டோபரில் இன்னொரு முறை எண்ணி இரண்டில் கூடுதலானதை எடுக்க வேண்டும் என்று தொடக்கக் கல்வி இயக்ககத்துக்கு நீங்கள் எழுத வேண்டும். உங்கள் அதிகாரத்தில் இல்லாததை உங்களைச் செய்யச் சொல்லவில்லை. எழுதிய கடிதத்தின் நகலை எங்கள் குழுவுக்குக் கொடுங்கள். நடவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளின் பெயரைக் காமன் பூலுக்குத் தள்ளும்முன் எங்கள் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் உத்தரவு போடுங்கள். யார் திரும்பி வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று பாடியில் எல்லோருக்கும் தெரியும்.

பணியர் காலனியில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒன்று, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அவர்கள் பேச்சில் எடுத்துச்சொல்ல அவளை உதவியாளராக வைக்க அனுமதி கேட்டுக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பினோம். அதற்குப் பதிலே வரவில்லை. கூடிய மட்டும் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 29-ல் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு அதற்கு வசதி செய்ய அரசமைப்புச் சட்டம் 350-ஏ சொல்கிறது. பணிய மொழியில் புத்தகம் கேட்கவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் கேட்கிறோம்.

கடைசியாக, பள்ளியை இணைக்கவோ மூடவோ மாட்டோம் என்று எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையில் வந்த யோசனைக்கு வாய்வார்த்தையில் மறுப்பு போதாது.

பதினைந்து நாள் காத்திருப்போம். அதற்குள் பதில் இல்லையென்றால், பதிவேட்டின் நகலோடு மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஊட்டிக்கு வருவோம். மறுபடியும் ஒருநாள் சம்பளம் போகும், போகட்டும்.

அதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வந்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வாருங்கள். பஜாரிலிருந்து முதல் ஜீப் எட்டு மணிக்கு. எட்டரைக்குக் கிச்சடி பரிமாறும்போது வந்துவிட்டால் 67 பேரையும் ஒரே இடத்தில் எண்ணிவிடலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
பந்தலூர் வட்டம்.